பழைய வரைபடத்திலிருந்து பலகை வரை: மறைந்துபோன சைடிங்கைத் தேடி மாடல் ரயில் கட்ட முழு வழிகாட்டி

மாடல் ரயிலில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தண்டவாளத்தை வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் பலகை. அதற்கும் அப்புறம்தான் "எந்த ஸ்டேஷன் மாதிரி வைக்கலாம்" என்ற யோசனை வருகிறது. மூன்று நண்பர்கள் இந்த வரிசையில் ஆரம்பித்து, பாதியில் எல்லாவற்றையும் பிடுங்கியதை அருகிலிருந்து பார்த்தேன். முதல் முறை நானும் அப்படித்தான் செய்தேன்.

இங்கே வரிசை வேறு. முதலில் வரைபடம், அடுத்து நேரில் பார்ப்பது, அடுத்து ஒவ்வொரு சைடிங்கும் (மெயின் லைனிலிருந்து பிரிந்து போகும் பக்க லைன்) எதற்காக இருந்தது என்று கண்டுபிடிப்பது. அதற்குப் பிறகுதான் பலகையும் தண்டவாளமும். சைடிங்கின் வேலை தெரிந்துவிட்டால், எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்பது தானாகத் தெரியும். எடுத்துக்காட்டாகப் பாம்பன்–தனுஷ்கோடி மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலம்) லைனை வைத்துக்கொள்கிறேன். முறை எந்த ஊருக்கும் பொருந்தும்.

1. இடத்தோடு ஆண்டையும் முடிவு செய்யுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் "தனுஷ்கோடி" என்று மட்டும் எழுதினால் போதாது. "தனுஷ்கோடி, 1960" என்று எழுதுங்கள். பாம்பன் பாலம் 1914-ல் திறந்தது. தனுஷ்கோடி லைனைப் புயல் அடித்துப்போனது 1964 டிசம்பர் 22 இரவு. இடையில் ஐம்பது வருடம். ஸ்டேஷனில் லைன்கள் பிரிந்து கிடக்கும் யார்டு ஐம்பது வருடம் ஒரே மாதிரி இருக்காது.

ஆண்டு தெரியாமல் தேடினால், ஒரு வரைபடத்தின் சைடிங்கையும் இன்னொரு காலத்துப் புகைப்படத்தின் பிளாட்பாரத்தையும் சேர்த்து, எந்த நாளிலும் இல்லாத ஒரு ஸ்டேஷனைக் கட்டிவிடுவீர்கள். வண்டிகளுக்கும் இதே கதைதான். ஒய்பி நீராவி இன்ஜின்கள் வந்ததே 1940-களின் கடைசியில். 1930 என்று எழுதிவிட்டு அதை ஓட்ட முடியாது.

முதல் முயற்சி என்றால், கடந்த முப்பது வருடத்துக்குள் பிராட் கேஜாக (அகலப் பாதையாக) மாறிய ஒரு சின்ன ஸ்டேஷனை எடுங்கள். மீட்டர் கேஜ் யார்டில் வேலை பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் அரை மணி நேரம் பேசினால் தெரிவது, வரைபடத்தில் அரை மாதம் தேடினாலும் தெரியாது.

2. கையில் இருக்க வேண்டியவை

தேடலுக்கு: ஒரு கணினி, அதில் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள் (இலவசம்), கூகுள் எர்த் ப்ரோ, ஒரு நோட்டு. நேரில் போகும்போது முப்பது மீட்டர் டேப், ஜிபிஎஸ் உள்ள போன், தொப்பி, தண்ணீர்.

கட்டுவதற்கு: 12 மில்லிமீட்டர் பிளைவுட், 60 வாட் சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், நுண் பல் ரம்பம், மூன்றடி ஸ்டீல் ஸ்கேல். தண்டவாளம் இந்தப் பட்டியலில் இல்லை. அதை வாங்கும் நேரம் பத்தாவது படிக்குப் பிறகுதான் வரும்.

3. வரைபடங்களைச் சேகரியுங்கள், ஆனால் ஓரத்தில் இருப்பதை முதலில் படியுங்கள்

இந்திய சர்வே துறையின் பழைய தாள்களுக்கு எண் முறை ஒன்று உண்டு. 58 என்ற எண், வடக்கு 8 முதல் 12 பாகை, கிழக்கு 76 முதல் 80 பாகை வரையுள்ள பெரிய சதுரம். அதை ஏ (A) முதல் பி (P) வரை பதினாறு எழுத்துச் சதுரங்களாகவும், ஒவ்வொன்றையும் மறுபடி பதினாறு தாள்களாகவும் பிரிப்பார்கள். எண்கள் மேலிருந்து கீழே இறங்கி, அடுத்த வரிசைக்கு நகரும். அந்தக் கணக்கில் பாம்பன் 58 ஓ/3, ராமேஸ்வரம் ஊர் 58 ஓ/7, தனுஷ்கோடி 58 ஓ/8. ஒரு குட்டி லைனுக்கே மூன்று தாள்.

ஆகவே மூன்றையும் சேர்த்தே தேடுங்கள். பக்கத்துப் பக்கத்துத் தாள்களின் சர்வே ஆண்டுகள் வேறாக இருக்கலாம். ஒரு தாளில் ஓடிவரும் கோடு ஓரத்தில் சட்டென்று நின்றுபோனால், அங்கே லைன் முடிந்தது என்று அர்த்தமில்லை. அடுத்த தாளை வேறு வருடத்தில் அளந்திருப்பார்கள்.

எல்லோரும் செய்யும் தவறு இன்னொன்று: அச்சிட்ட ஆண்டைப் பார்த்து "இந்த வருடம் சைடிங் இருந்தது" என்று எழுதிக்கொள்வது. தாளின் ஓரத்தில் அளந்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் தனித்தனியாக இருக்கும். சில தாள்களில் ரயில் பாதையும் சாலையும் மட்டும் பிற்பாடு திருத்தப்பட்டிருக்கும், அதற்கு ஒரு குறிப்பும் இருக்கும். மூன்றையும் நோட்டில் குறியுங்கள். மீட்டர் கேஜை எந்தக் கோடாகக் காட்டியிருக்கிறார்கள் என்பதையும் அந்தத் தாளின் குறி விளக்கத்திலேயே பாருங்கள். பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

அடுத்து அளவு. ஒரு அங்குலத் தாளில் (ஒரு மைலுக்கு ஒரு அங்குலம்) அளவு 1:63,360. அதாவது தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 63 மீட்டர். யார்டில் இரண்டு லைனுக்கு நடுவே சுமார் நாலு மீட்டர்தான் இருக்கும். அதைத் தாளில் தனியாக வரையவே முடியாது. ஆனால் மெயின் லைனை விட்டு அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு மில்லுக்கோ உப்பளத்துக்கோ போகும் சைடிங் எட்டு மில்லிமீட்டர் நீளத்துக்குத் தெளிவாகத் தெரியும். எனவே இந்தத் தாளில் லைன் எங்கே போகிறது, கிளை எங்கே பிரிகிறது என்பதை மட்டும் தேடுங்கள். யார்டுக்குள் எத்தனை லைன் என்று பூதக்கண்ணாடி வைத்து எண்ண வேண்டாம்.

யார்டுக்கு உதவுவது உளவுச் செயற்கைக்கோள் படங்கள். அமெரிக்காவின் கொரோனா செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை ஃபிலிமில் எடுத்த படங்களை 1995-ல் பொதுவில் விட்டார்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் பதிவு செய்து தேடலாம். ஏற்கெனவே ஸ்கேன் செய்தவை இலவசம். கடைசிக் காலத்துக் கேமராக்கள் இரண்டு மீட்டர் அளவுள்ளதையே பிரித்துக் காட்டும். ஆரம்பக் காலத்துப் படங்களில் அவ்வளவு தெளிவு இருக்காது. நம் ஊர்ப் பக்கம் பல படங்களில் மேகம் மூடியிருக்கும், அதனால் முன்னோட்டத்தைப் பார்த்த பிறகே இறக்குங்கள்.

4. பழைய தாளை இன்றைய நிலத்தின் மேல் பொருத்துங்கள்

கியூஜிஐஎஸ்ஸில் ஜியோரெஃபரன்சர் என்ற கருவி இருக்கிறது. பழைய தாளில் ஒரு இடத்தைத் தொட்டு, அதே இடத்தை இன்றைய படத்திலும் தொட்டால் ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளி. ஆறு முதல் எட்டு புள்ளிகள் வேண்டும். அவை தாளின் நாலு மூலைக்கும் பரவியிருக்க வேண்டும். எல்லாம் ஒரே பக்கம் குவிந்தால் மறுபக்கம் காற்றில் ஆடும்.

எந்த இடங்களைத் தொடுவது? இங்கேதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். தனுஷ்கோடித் தாளைக் கொடுத்தால், கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறதே என்று கடற்கரை வளைவுகளில் புள்ளி வைப்பார்கள். அங்கே மணல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. புயல் வேறு கரையின் வடிவத்தையே மாற்றிவிட்டது. கரையில் பொருத்தினால் லைன் கடலுக்குள் போகும்.

நகராத கட்டடங்களைத் தேடுங்கள். ராமநாதசுவாமி கோயில், பழைய பாம்பன் பாலத்தின் இரு முனைகள், புயலையும் தாங்கி நின்ற கோதண்டராமர் கோயில். வேறு ஊர்களில் கோயில் கோபுரம், தேவாலயம், கல் பாலம், ஏரி மதகு. ஏரிக்கரையைவிட மதகு நல்லது, கரையைப் பலமுறை வெட்டிக் கட்டியிருப்பார்கள்.

தாளில் அச்சாகியிருக்கும் பாகைக் கோடுகளை ஜிபிஎஸ் எண்களோடு நேராகப் பொருத்தாதீர்கள். பழைய தாள்கள் எவரெஸ்ட் உருண்டை அளவில் வரையப்பட்டவை, இன்றைய ஜிபிஎஸ் வேறு அளவு. அப்படியே போட்டால் எல்லாமே ஒரு பக்கமாகத் தள்ளிப்போய்விடும்.

உருமாற்ற வகை என்று கேட்கும் இடத்தில் முதலில் பாலினோமியல் 1 கொடுங்கள். தின் பிளேட் ஸ்ப்லைன் கொடுத்தால் பிழை பூஜ்யம் என்று காட்டும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது தாளை ரப்பர் மாதிரி இழுத்து ஒவ்வொரு புள்ளியிலும் ஒட்டவைக்கிறது. நீங்கள் தவறாக வைத்த புள்ளியையும் சேர்த்துத்தான். பாலினோமியலில் தவறான புள்ளி மட்டும் பெரிய பிழை காட்டித் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். அதை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கொரோனா படத்துக்கு மட்டும் இது எதிர்மறை: கேமரா சுழன்றபடியே எடுத்த நீளமான ஃபிலிம் என்பதால் படமே வளைந்திருக்கும். தேவையான துண்டை மட்டும் வெட்டி, நிறையப் புள்ளிகள் வைத்து ஸ்ப்லைன் கொடுங்கள்.

எவ்வளவு துல்லியம் எதிர்பார்க்கலாம்? வரைந்தவர் கை அரை மில்லிமீட்டர் விலகினாலே தரையில் 32 மீட்டர். ஆகவே பழைய கோட்டின் இரு பக்கமும் ஐம்பது மீட்டர் பட்டை ஒன்று வரையுங்கள். லைன் அதற்குள் எங்கோ இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

5. பட்டைக்குள் லைனைத் தேடுங்கள்

இன்றைய படத்தில் அந்தப் பட்டைக்குள் மெல்ல வளையும் மேடு, நேர் வரிசையாக நிற்கும் சீமைக்கருவேலம், இருபுறமும் நீர் தேங்கிய பள்ளம் ஆகியவற்றைப் பாருங்கள். மழைக்காலம் முடிந்த கையோடு எடுத்த படத்தில் மேடும் பள்ளமும் நன்றாகப் பிரிந்து தெரியும். கூகுள் எர்த் ப்ரோவில் பழைய தேதிகளுக்குப் போக முடியும்.

ஒரு நண்பர் இப்படி ஒரு நீண்ட கோட்டைக் கண்டுபிடித்து மூன்று வாரம் அதன் பின்னாலேயே போனார். அது உப்பளத்து வரப்பு. வளைவைச் சோதித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

வளைவுச் சோதனை இதுதான். வளைவின் இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணையுங்கள். அதன் நீளம் நாண். நாணின் நடுவிலிருந்து வளைவு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளங்கள். நாணின் வர்க்கத்தை, அந்த விலகலின் எட்டு மடங்கால் வகுத்தால் வளைவின் ஆரம். நாண் 200 மீட்டர், விலகல் 10 மீட்டர் என்றால் 40,000-ஐ 80-ஆல் வகுக்க 500 மீட்டர். ரயிலுக்கு ஏற்ற வளைவு.

இந்திய ரயில்வே கணக்கில் மீட்டர் கேஜுக்கு அதிகபட்சம் 16 டிகிரி வளைவு, அதாவது ஆரம் சுமார் 109 மீட்டர். நீங்கள் அளந்தது 50 மீட்டர் என்றால் அது வண்டிப் பாதை, வாய்க்கால் அல்லது வரப்பு. மெயின் லைனாக இருக்காது.

அடுத்து நில ஆவணம். இதை ஏனோ பலர் நினைத்தே பார்ப்பதில்லை. தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் அ-பதிவேட்டையும் (நிலம் யாருடையது என்ற பதிவு) புலப்பட வரைபடத்தையும் (நிலத்தின் எல்லைப் படம்) பார்க்கலாம். தண்டவாளத்தைப் பிடுங்கினாலும் நிலத்தின் எல்லைக் கோடுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். சதுரம் சதுரமான வயல்களுக்கு நடுவே ஒல்லியாக, நீளமாக, மெல்ல வளைந்து போகும் ஒரு சர்வே எண் வந்தால், அ-பதிவேட்டில் அது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ரயில்வே என்று இருந்தால் தேடியது கிடைத்துவிட்டது. அந்தப் பட்டை ஓரிடத்தில் மட்டும் அகலமாகியிருந்தால், அங்கே கிராசிங் லூப்போ (இரு முனையும் மெயின் லைனோடு சேரும் பக்க லைன்) சரக்கு ஏற்றி இறக்கும் கூட்ஸ் ஷெட்டோ இருந்திருக்க நல்ல வாய்ப்பு.

6. நேரில் போய்ப் பாருங்கள்

வண்டி ஓடும் லைன் பக்கத்தில் அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். ரயில்வே சட்டம் 1989-ன் 147-ஆம் பிரிவுப்படி அது குற்றம், அதைவிட முக்கியமாக ஆபத்து. தனியார் நிலம் என்றால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். ஆணி, பிளேட் எதையும் எடுத்து வராதீர்கள்.

தனுஷ்கோடியில் ஸ்டேஷன் கட்டடத்தின் இடிபாடும் தண்ணீர்த் தொட்டியின் தூண்களும் நிற்கின்றன. வேறு இடங்களில் தேட வேண்டியது சின்னக் கல்வெர்ட்டுகள் (லைனுக்கு அடியில் நீர் போகும் குட்டிப் பாலங்கள்). மண் மேட்டை ஊர்க்காரர்கள் வெட்டி எடுத்துவிடுவார்கள், கல்வெர்ட்டின் பக்கச் சுவரை உடைப்பது சிரமம் என்று விட்டுவிடுவார்கள். அதன் அகலத்தை டேப்பால் அளங்கள். ஒரு லைன் போனதா இரண்டா என்பது அங்கேதான் தெரியும். வேலிக் கம்பமாக நட்ட பழைய தண்டவாளத் துண்டுகளையும் கவனியுங்கள், பக்கத்தில் ரயில்வே இடம் இருந்ததற்கு அது அடையாளம்.

எடுக்கும் ஒவ்வொரு புகைப்படத்துக்கும் எந்தத் திசையைப் பார்த்து எடுத்தீர்கள் என்று அங்கேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்தால் எல்லா மேடும் ஒரே மாதிரிதான் தெரியும்.

7. ஒவ்வொரு சைடிங்குக்கும் வேலை என்ன என்று கேளுங்கள்

இதுதான் நான் அதிக நேரம் செலவழிக்கும் படி. புதியவர்கள் ஒரு மாலைக்குள் தாண்டிப் போவதும் இதைத்தான்.

முதலில் திசை. சைடிங் மெயின் லைனிலிருந்து கவட்டை மாதிரி பிரியும். பிரியும் அந்த இடம்தான் பாயிண்ட். கவட்டையின் அடிப்பக்கம் பாம்பன் பக்கம் இருக்கிறது, கிளை தனுஷ்கோடி பக்கம் விரிகிறது என்று வைத்துக்கொள்வோம். தனுஷ்கோடியிலிருந்து பாம்பன் நோக்கி வரும் வண்டி பாயிண்டைத் தாண்டி நின்று, அப்படியே பின்னால் தள்ளி வேகன்களைச் சைடிங்குக்குள் விட்டுவிடலாம். இன்ஜின் வெளிப்பக்கம் இருக்கும், கழற்றிக்கொண்டு போய்விடலாம். பாம்பனிலிருந்து வரும் வண்டிக்கு இது முடியாது. இன்ஜின் முன்னால் நுழைந்தால், டெட் எண்டுக்கும் (லைன் முடியும் முனை) வேகனுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். ஆக, திரும்பும் வண்டிதான் இந்தச் சைடிங்கில் வேலை செய்தது என்பது வரைபடத்திலிருந்தே தெரிகிறது.

அடுத்து இன்ஜின். தனுஷ்கோடி ஒரு முனை ஸ்டேஷனாக இருந்தது, எதிரே கடல். அங்கிருந்து அப்போது கப்பலில் இலங்கையின் தலைமன்னாருக்குப் போவார்கள். வண்டியை இழுத்து வந்த இன்ஜின் மறுமுனைக்கு வர ஒரு லூப் வேண்டும். தண்ணீர் பிடிக்க வேண்டும். டெண்டர் (நிலக்கரியும் தண்ணீரும் ஏற்றிய பின்வண்டி) வைத்த இன்ஜின் என்றால் திருப்பவும் வேண்டும்: ஒன்று டர்ன்டேபிள் (சுழலும் மேடை), இல்லையென்றால் முக்கோண லைன். எந்த முனை ஸ்டேஷனுக்கும் இந்தக் கேள்விகளோடு படத்தைப் பாருங்கள். டர்ன்டேபிளின் இருபது மீட்டர் விட்டமுள்ள வட்டக் குழி நல்ல கொரோனா படத்தில் பத்துப் பிக்சல் அகலத்துக்கு விழும். தேடத் தெரிந்தால்தான் கண்ணில் படும்.

பழைய ஊழியர்களிடமும் இப்படியே கேளுங்கள். "யார்டில் எத்தனை லைன் சார்?" என்றால் ஒவ்வொருவரும் ஒரு எண் சொல்வார்கள். "இன்ஜின் எங்கே தண்ணி பிடிக்கும்? கூட்ஸ் வண்டி வந்தால் முதலில் எதைக் கழற்றுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு ஓய்வுபெற்ற பாயிண்ட்ஸ்மேனிடம் இதைக் கேட்டபோது, மேஜையில் இருந்த பிஸ்கட்டுகளை வேகனாக வைத்து முழு ஷண்டிங்கையும் (வேகன்களைக் கழற்றிச் சேர்ப்பது) செய்து காட்டினார். அவர் பிஸ்கட்டை வைத்த ஒரு இடத்தில் என் வரைபடத்தில் லைனே இல்லை. திரும்பப் போய்ப் பார்த்தேன், புலப்படத்தில் பட்டை அகலமாகும் இடம் சரியாக அதுதான்.

கடைசியில் ஒரு அட்டவணை போடுங்கள்: சைடிங், என்ன சரக்கு, எந்தத் திசை வண்டி, எத்தனை வேகன் கொள்ளும், எதை வைத்து அப்படிச் சொல்கிறேன். ஊகம் என்றால் ஊகம் என்றே எழுதுங்கள்.

8. அளவையும் கேஜையும் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்கள்

மீட்டர் கேஜ் என்றால் 1,000 மில்லிமீட்டர். ஹெச்ஓ அளவான 1:87-க்கு வகுத்தால் 11.5. கடையில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் ஹெச்ஓஎம் என்ற பெயரில் கிடைக்கிறது, வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இன்னொரு வழி 'என்' (N) கேஜின் 9 மில்லிமீட்டர் தண்டவாளம். அதற்குக் கட்டடங்களை 1:110 அளவில் செய்ய வேண்டும்.

என் ஆலோசனை 12 மில்லிமீட்டர். செலவு கூடுதல்தான், வெளியிலிருந்து வரவழைக்கவும் வேண்டும். ஆனால் 16.5 மில்லிமீட்டர் சாதாரண ஹெச்ஓ தண்டவாளத்தில் மீட்டர் கேஜ் பெட்டியை வைத்தால், குறுகிய பாதையில் அகலப் பெட்டி தளும்பிப் போகும் அந்த அழகே போய்விடும். தேடிப்பிடித்த லைனுக்கு அது நியாயமில்லை.

9. சுருக்குங்கள், ஆனால் எதைச் சுருக்குவது என்று தெரிந்து

உண்மையில் 300 மீட்டர் லூப் என்றால் மாடலில் மூன்றரை மீட்டர். வீட்டில் இடம் இருக்காது. நேர்ப் பகுதிகளின் நீளத்தைக் குறையுங்கள். வண்டியில் பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரே வேலை செய்யும் இரண்டு சைடிங் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். ஒரு வேலைக்கு ஒரே சைடிங்தான் என்றால் அதைத் தொடாதீர்கள். பாயிண்டின் கோணத்தையும் லைன்களுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் சுருக்காதீர்கள், வண்டி உரசும்.

மூன்று பெட்டி வண்டி நிற்கும் ஒரு முனை ஸ்டேஷன் லூப்புக்குக் கணக்கு இப்படி, மில்லிமீட்டரில். மீட்டர் கேஜ் போகி பெட்டி சுமார் 19.5 மீட்டர், மாடலில் 224 மில்லிமீட்டர். மூன்று பெட்டி 672, கப்ளிங் இடைவெளி சேர்த்து 750 என்று வையுங்கள். ஒய்பி இன்ஜின் டெண்டரோடு சுமார் 19 மீட்டர், அதாவது 220. டெட் எண்டில் அது நிற்க 250. பாயிண்ட் இரண்டும் 200, 200.

கூட்டினால் 1,400. இங்கேதான் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். பாயிண்டைத் தாண்டியதும் இரண்டு லைனும் இன்னும் நெருக்கமாகத்தான் இருக்கும், அங்கே பெட்டி நின்றால் பக்கத்து லைனில் போகும் இன்ஜின் இடிக்கும். ரயில்வேயில் இதற்காகவே ஃபவுலிங் மார்க் வைப்பார்கள். அதற்கு ஒவ்வொரு முனையிலும் 100 சேர்த்தால் 1,600. இரண்டு 1,200 மில்லிமீட்டர் பலகைக்கு மிச்சம் 800, அது மெயின் லைன் உள்ளே வருவதற்கு.

வளைவுக்கு ஒரு கைக்கணக்கு: நீளமான பெட்டியின் இரண்டரை மடங்குக்குக் குறையாத ஆரம். 224-க்கு 560. மூன்று மடங்கு, அதாவது 672 கிடைத்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும். உண்மையில் அனுமதிக்கப்பட்ட மிகக் கடுமையான வளைவே 1:87-ல் 1,250 மில்லிமீட்டர் வரும், ஆகவே இதிலேயே ஏறக்குறையப் பாதியை விட்டுக்கொடுத்துவிட்டோம். இதற்கும் கீழே இறங்காதீர்கள்.

10. முழு அளவுத் தாளில் விளையாடிப் பாருங்கள்

பழைய காலண்டர் தாள்களை ஒட்டி, பலகை அளவுக்கு விரித்து, லைன்களை முழு அளவில் வரையுங்கள். அட்டையில் பெட்டி, வேகன், இன்ஜின் வெட்டி, ஏழாவது படியில் எழுதிய வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். நாலு சக்கர வேகனுக்கு 75 முதல் 80 மில்லிமீட்டர் வெட்டினால் சரியாக இருக்கும்.

இன்ஜின் எங்காவது மாட்டிக்கொண்டால் பாயிண்ட் திசை தவறு. அப்போது பலகையில் சமாளிக்கப் பார்க்காமல் வரைபடத்துக்குத் திரும்பிப் போங்கள், பெரும்பாலும் அங்கேதான் தவறு செய்திருப்பீர்கள். ஒரு வாரம் இந்தத் தாளை மேஜையிலேயே விட்டுவைத்துவிட்டு, அதன் பிறகு தண்டவாளத்துக்கு ஆர்டர் கொடுங்கள்.

11. பலகை

பிடபிள்யூபி (BWP, கொதிநீரையும் தாங்கும் வகை) தரம் என்று முத்திரை உள்ள பிளைவுட் வாங்குங்கள். கடைக்காரர் ஒருவர் சொன்னதை நம்பி நான் வாங்கிய சாதாரணப் பலகை ஒரே மழைக்காலத்தில் நடுவில் எட்டு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டது. மேல், கீழ், ஓரம் எல்லாப் பக்கமும் பெயிண்ட் அடியுங்கள். மேலே மட்டும் அடித்தால் அடிப்பக்கம் ஈரம் குடித்துப் பலகை வளையும்.

அடியில் குறுக்குச் சட்டங்களை 400 மில்லிமீட்டருக்கு ஒன்றாக வையுங்கள். பாயிண்ட் மோட்டார் (பாயிண்டைத் திருப்புவது) வரும் இடத்தைத் தாளில் பார்த்து, அதற்கு நேராகச் சட்டம் வராமல் நகர்த்துங்கள்.

12. தண்டவாளம் பதிப்பது

பாயிண்டுகளை முதலில் வையுங்கள், அப்புறம் நடுப்பகுதிகளை இணையுங்கள். நேர்ப் பகுதியைத் தேவையான நீளத்துக்கு வெட்டலாம், பாயிண்டை வெட்ட முடியாது.

விரிவு இடைவெளியை மறக்காதீர்கள். எங்கள் வீட்டு மாடி அறையில் மார்கழிக் காலையில் முனையோடு முனை இறுக்கிப் பதித்தேன். சித்திரை மதியம் ஒன்றில் கதவைத் திறந்தால், லூப்பின் நடுவே தண்டவாளம் ஸ்லீப்பரோடு (அடியில் உள்ள குறுக்குக் கட்டைகள்) பக்கவாட்டில் விரல் அகலம் வில்லாக வளைந்திருந்தது. நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 டிகிரி வெப்பம் கூடினால் மீட்டருக்குச் சுமார் 0.3 மில்லிமீட்டர் நீளும். ஒரு விசிட்டிங் கார்டின் கனம். குளிர்ந்த நேரத்தில் பதிக்கிறீர்கள் என்றால் மீட்டருக்கு ஒரு இணைப்பில் கார்டைச் செருகி, பதித்த பிறகு உருவிவிடுங்கள்.

13. வயரிங்

இணைப்புத் தகடு மின்சாரத்தைக் கடத்தும் என்று நம்பாதீர்கள். கடற்கரை ஊர்களில் ஆறு மாதத்தில் களிம்பு பிடித்துவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் தனி வயர் இறக்கி, பலகைக்கு அடியில் ஓடும் 1.5 சதுர மில்லிமீட்டர் வீட்டு வயரில் சேருங்கள். சிவப்பு ஒரு பக்கம், கறுப்பு மறுபக்கம், கடைசி வரை மாற்றாமல்.

சால்டர் வைக்கும்போது சின்ன 25 வாட் அயர்ன் பாதுகாப்பு என்று நினைப்பார்கள். அது தண்டவாளத்தைச் சூடாக்க நேரம் எடுக்கும், அதற்குள் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகிவிடும். 60 வாட்டில் இரண்டே விநாடியில் வேலை முடியும். ஒவ்வொரு வயரையும் சேர்த்தவுடன் மல்டிமீட்டரில் பாருங்கள். ஷார்ட் வந்தால் கடைசியாக வைத்த வயர்தான் காரணம் என்று உடனே தெரியும்.

14. ஜல்லிக்கு முன் ஒரு மாதம் ஓட்டுங்கள்

இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். வேகமாகப் போனால் இன்ஜின் கெட்ட இணைப்பையும் தாண்டிவிடும். நிற்கும் இடம், குலுங்கும் இடம் எல்லாவற்றிலும் ஸ்லீப்பரில் பென்சில் குறி வைத்துச் சரிசெய்யுங்கள். மூன்று பெட்டியையும் பின்னால் தள்ளிப் பாயிண்டுக்குள் விடுங்கள். இழுக்கும்போது தெரியாத குறை தள்ளும்போது தெரியும்.

15. ஜல்லி

தனுஷ்கோடி மாடலுக்குத் தனுஷ்கோடி மணலே வேண்டும் என்று ஆசை வரும். வேண்டாம். கடல் மணலில் உப்பு இருக்கும், ஈரத்தை இழுத்துத் தண்டவாளத்தைக் கெடுக்கும். நம் கடற்கரை மணல் பலவற்றில் கறுப்பாகக் காந்தத்தில் ஒட்டும் துகள்களும் உண்டு, மோட்டாருக்குள் போனால் இன்ஜின் முடிந்தது. ஆற்று மணலைக் கழுவி, காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்து, பாலிதீன் பையில் சுற்றிய காந்தத்தால் மூன்று தடவை கிளறுங்கள். பையை உருவினால் துகள் உதிர்ந்துவிடும்.

காய்ந்த மணலைப் பரப்பி, தூரிகையால் ஸ்லீப்பர் மட்டத்துக்கு இழுத்துவிடுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரை மேலே மெல்லத் தெளியுங்கள். இது இல்லாமல் பசையை விட்டால் அது முத்து முத்தாக உருண்டு மணலைக் குழிபறிக்கும். பிறகு ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து இங்க் ஃபில்லரால் விடுங்கள். பாயிண்டின் அசையும் நாக்குப் பக்கம் பசையே போகக்கூடாது, அங்கே மணலைக் கையால் ஒவ்வொரு சிட்டிகையாக வையுங்கள்.

அட்டவணையில் "ஊகம்" என்று எழுதிய சைடிங்குக்கு மட்டும் கடைசி வரை பசை விடாதீர்கள். மணலைச் சும்மா பரப்பி வைத்தால் போதும். நாளைக்கே ஒரு பழைய ஊழியரோ, மேகமில்லாத ஒரு படமோ வேறு மாதிரி சொன்னால், தூரிகையால் மணலைத் தள்ளிவிட்டு லைனை எடுத்துச் சரியான இடத்தில் வைக்கலாம். என் பலகையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள லைன் இன்னும் அப்படித்தான் கிடக்கிறது.